இசைக்குக் கனம் உண்டா?

மேலைநாட்டு இசையில் 'ஹெவி மெட்டல்' என்றொரு வகை உண்டு. 'ஹெவி' என்றால் கனம் என்று பொருள். அதிலிருந்து கிளைத்த 'டெத் மெட்டல்' போன்ற கடுமையான பிரிவுகளின் ரசிகர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று நடந்து வருகிறது. "எந்த ஆல்பம் அதிகக் கனமானது?" என்பதே அவ்வழக்கு. வேகமாக இடிப்பதே கனம் என்பார் ஒருவர். மெதுவாக ஊர்ந்து வருவதே கனம் என்பார் மற்றொருவர். இருவரும் ஒரே இசைத் தட்டைக் கேட்டவர்கள்தாம்!

தராசில் வைத்து நிறுக்க முடியாத ஓசைக்குக் கனம் எங்கிருந்து வந்தது? இக்கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கருநாடக இசையில் கனம், நயம், தேசிகம் என மூன்று வழிகளைக் கூறுவர். கன வழியில் தேர்ந்து பாடியதாலேயே 19ஆம் நூற்றாண்டில் உடையார்பாளையத்தில் வாழ்ந்த கிருஷ்ணையர் 'கனம் கிருஷ்ணையர்' என்று பெயர் பெற்றார். அவருடைய வரலாற்றை உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். ஆகவே, கனம் என்ற சொல்லை இயற்பியலின் துணைகொண்டு சற்றே ஆராய்வோம்.

உரத்த ஒலியெல்லாம் கனமா?

ஒலியின் உரப்பைக் குறிக்க டெசிபெல் என்ற அலகு வழங்குகிறது. 10 டெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகும். ஆனால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகவே தோன்றும்.

டெசிபெல் எண் தனித்து நின்றால் பொருள் தராது. பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. கடலுக்கடியில் பயணம் செய்யும் ஒலியை ஆராய்வது இதன் பணிகளுள் ஒன்று. காற்றில் 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தத்தைச் சுழியாக வைத்து டெசிபெல்லைக் கணக்கிடுகிறோம். நீரிலோ 1 மைக்ரோபாஸ்கலைச் சுழியாகக் கொள்கிறோம். இதனால் 1 பாஸ்கல் என்ற ஒரே ஒலியழுத்தம் காற்றில் 94 டெசிபெல். நீரில் 120 டெசிபெல்! எதனோடு ஒப்பிட்டோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லி வாதிடுவது வீண்.

அதே சாலைக்கு அருகில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. 2022-ல் இது ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. இத்தகைய இடங்களில் செம்போத்தின் குரலைக் கேட்கலாம். குயிலும் செம்போத்தும் ஒரே குடும்பத்துப் பறவைகள். குயில் உரக்கக் கூவும்; ஆனால் 'கனத்த குரல்' என்று நாம் சொல்வது செம்போத்தின் தாழ்ந்த 'உக், உக்' என்ற ஒலியையே. எனவே, உரப்பு வேறு, கனம் வேறு.

தாழ்ந்த சுருதி

கிட்டாரின் மிகத் தடித்த கம்பி வழக்கமாக நொடிக்கு 82 முறை அதிர்கிறது. அதாவது அதன் அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த டோனி அயோமி, 1965-ல் தகட்டுத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் இரு விரல் நுனிகளை இழந்தார். அந்த விரல்களுக்கு இறுகிய கம்பிகளை அழுத்துவது கடினம். பிற்பாடு அவர் கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கலானார். 1971-ல் அவருடைய 'பிளாக் சாபத்' குழு வெளியிட்ட ஆல்பத்தின் பல பாடல்களில் அக்கம்பியின் அதிர்வெண் சுமார் 69 ஹெர்ட்ஸுக்கு இறங்கிற்று. பின்வந்தவர்கள் இவ்வழியைப் பின்பற்றி இன்னும் கீழே சென்றனர்.

கம்பியைத் தளர்த்தாமலும் சுருதியைத் தாழ்த்தலாம். கம்பியின் நிறையைக் கூட்டினால் போதும். இங்கே கனம் உவமையன்று, உண்மையான எடையே! மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் இடப்பக்கத் தோலில் ரவையை நீரில் பிசைந்து அப்புகிறார் அல்லவா? நிறை கூடியதும் தோல் மெதுவாக அதிர்கிறது. 'தொம்' என்ற ஆழ்ந்த நாதம் பிறக்கிறது. வலப்பக்கத்திலுள்ள கருநிறப் பூச்சின் பயன் வேறு. அது மேற்சுரங்களை முழுஎண் விகிதத்தில் அமைத்து இனிமை தருகிறது. இதனை 1920-ல் சர் சி.வி. இராமன் தம் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்டார்.

மேற்சுரங்களின் கூட்டம்

ஒரு கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிரும்போது 164, 246 என அதன் மடங்குகளும் உடன் ஒலிக்கும். இவையே மேற்சுரங்கள். இவை பெருகினால் ஒலி செறிந்து கேட்கும்.

தம்பூராவைப் பாருங்கள். கம்பிக்கும் வளைந்த குதிரைக்கும் இடையே ஒரு நூலைச் செருகுவர். கம்பி குதிரையை உரசி உரசி அதிர்வதால் மேற்சுரங்கள் ஏராளமாக எழுகின்றன. இன்ன இடத்தில் மீட்டினால் இன்ன மேற்சுரம் எழாது என்பது பழைய விதி. தம்பூராவிலும் வீணையிலும் அவ்விதி பொய்ப்பதை 1921-ல் இராமன் எடுத்துக்காட்டினார்.

தம்பூராவில் நூல் செய்யும் வேலையை மெட்டல் இசையில் மின்சுற்று செய்கிறது. பெருக்கியின் திறனுக்கு மேல் சைகையைச் செலுத்தினால், அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகும். வடிவம் சிதைந்த அலையில் புதிய அதிர்வெண்கள் தோன்றும். 82, 123 ஹெர்ட்ஸ் சுரங்களை இத்தகைய சுற்றின் வழியே சேர்த்து அனுப்பினால், அவற்றின் வேறுபாடான 41 ஹெர்ட்ஸும் பிறக்கும். யாரும் மீட்டாத ஆழ்ந்த சுரம் இது! ஒன்றுக்கொன்று நெருங்கிய அதிர்வெண்கள் சந்திக்கும்போது விம்மல்கள் எழும். விம்மல்கள் மிக விரைவாக எழுந்தால் அவற்றைக் காது தனித்தனியே எண்ணாது, கரகரப்பாகவே உணரும்.

அமைதியின் பங்கு

2008-ல் 'மெட்டாலிகா' குழு 'டெத் மேக்னெடிக்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. உரப்பாக ஒலிக்கவேண்டும் என்று அதன் மெல்லிய பகுதிகளையும் மேலே உயர்த்தி, முகடுகளை நசுக்கியிருந்தார்கள். ஒரு கணினி விளையாட்டுக்காகத் தந்த அதே பாடல்களில் அவ்வளவு நசுக்கல் இல்லை. இரண்டையும் ஒப்பிட்ட ரசிகர்கள், உரப்புக் குறைந்த பதிப்பில்தான் முரசின் அடி உயிரோடு விழுகிறது என்று குறை கூறினர். ஏன்? எல்லாமே உரப்பானால் எதுவுமே உரப்பாகத் தோன்றாது. சுவீடனின் 'ஓபெத்' குழு 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் வாசித்தது. மென்மையான மீட்டலை அடுத்து உறுமும் குரலை எழுப்புவது இக்குழுவின் வழக்கம். முன்னால் வரும் அமைதியே பின்வரும் ஒலிக்கு எடை சேர்க்கிறது.

ஆக, கனம் என்பது ஒரே அளவு அன்று. தாழ்ந்த சுருதி, மேற்சுரச் செறிவு, கரகரப்பு, வேறுபாடு ஆகியவை சேர்ந்து மனத்தில் எழுப்பும் உணர்வு அது. வழக்காடும் ரசிகர் இருவரும் வெவ்வேறு பண்பை அளக்கிறார்கள். அதனால்தான் வழக்குத் தீர்வதில்லை.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கனம் வேண்டி ஒலிக் குமிழைத் திருகத் தேவையில்லை. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். கணக்கிட்டுப் பாருங்கள்: 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடமே! உட்செவியின் மயிரிழைச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

செய்து பாருங்கள்

ஒரு காலி அட்டைப் பெட்டியின் மேல் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றையும், தடித்தது ஒன்றையும் மாட்டுங்கள். இரண்டின் இழுவிசையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். மீட்டினால் எது தாழ்ந்து ஒலிக்கிறது? இப்போது அதிரும் வளையத்தை ஒரு தாளின் விளிம்பால் மெல்லத் தொடுங்கள். ஒலி கூடாமலே கரகரப்புக் கூடுவதைக் கேட்பீர்கள். இதில் தாள் செய்வது தம்பூராவின் நூல் செய்யும் வேலையா, மிருதங்கத்தின் ரவை செய்யும் வேலையா? காரணத்தோடு உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.