ஓசூருக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஓசூர் சார் ஆட்சியராக உத்தரவு வந்த செய்தியோடு, செங்கல்பட்டு மாதிரி சென்னைக்குப் பக்கமாகக் கேட்டிருக்கலாமே என்று வீட்டில் நடக்கும் பேச்சையும் எழுதியிருந்தாய். பெற்றவளுக்குக் கவலை இருக்கத்தான் செய்யும். அத்தை நான் சொல்கிறேன், அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு, மகிழ்ச்சியாகக் கிளம்பு.

நீ உட்காரப்போகும் நாற்காலியில் உனக்கு முன்பே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். 1951 பேட்ச், அன்னா ராஜம் ஜார்ஜ். திருமணத்துக்குப் பிறகு அன்னா ராஜம் மல்ஹோத்ரா. ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண். நேர்முகத் தேர்வில், வெளியுறவுப் பணியோ மற்ற மத்தியப் பணிகளோதான் பெண்ணுக்குப் பொருத்தம் என்று எடுத்துச் சொன்னார்கள். அவர் ஐ.ஏ.எஸ்.தான் வேண்டும் என்றார். சென்னை மாநிலத்தைக் கேட்டு வாங்கினார். திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்ற நிபந்தனை நியமன ஆணையிலேயே இருந்தது. முதலமைச்சர் ராஜாஜியோ, மாவட்டப் பணி வேண்டாம், தலைமைச் செயலகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தார். குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் எனக்கும்தானே தந்தீர்கள் என்று வாதாடித்தான் அவர் ஓசூர் போனார். ஊருக்குள் ஆறு யானைகள் புகுந்தபோது சுடச் சொல்லாமல் காட்டுக்குத் திருப்பி அனுப்பினார். பிறகு ராஜாஜியே ஒரு பொதுக்கூட்டத்தில் அவரைப் பாராட்டிப் பேசினார். பிற்காலத்தில் மும்பைக்கு அருகே நவசேவா துறைமுகத்தை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது, 1989-இல் பத்மபூஷண். கிராமம் கிராமமாக அலைந்து பழகாமல் செயலக மேஜையிலேயே வளர்ந்திருந்தால் அந்தப் பொறுப்பு அவரைத் தேடி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அவரைத் தடுக்கப் பார்த்த யாருக்கும் அவர்மேல் வெறுப்பு இருக்கவில்லை. எல்லாருமே அவருடைய நன்மைக்கென்றுதான் சொன்னார்கள். பகையோடு வருகிறவரை எதிர்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கறையோடு வருகிறவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். உனக்கு அந்த அக்கறை முதல் மாதத்திலேயே வரும். எப்படி வரும் என்றும் சொல்கிறேன்.

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை. உன் கோட்டத்தில் அது உன் வேலை. ராத்திரி பத்து மணிக்குத் தாலுகாவிலிருந்து போன் வரும். “நீங்க வரணும்னு இல்ல மேடம், பார்க்கிற மாதிரி இல்ல. நாங்க வாக்குமூலம் வாங்கிட்டு வந்துடறோம், காலையில கையெழுத்துப் போட்டாப் போதும்.” பேசுகிறவர் நல்லவராகவே இருப்பார். நீ போ.

நான் கோட்டாட்சியராக இருந்தபோது ஓர் அரசு மருத்துவமனைப் பிணவறைக்குப் போனேன். வாக்குமூலம் தயாராக எழுதிவைக்கப்பட்டிருந்தது: தீராத வயிற்றுவலி தாங்காமல் மருந்து குடித்துவிட்டாள். இந்த வயிற்றுவலி எத்தனை கோப்புகளில் வந்திருக்கிறது என்பதை நீயே பார்ப்பாய். வாசலில் ஆண்கள் கூட்டம்; பெண்ணின் பெரியப்பாதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தாய் சுவரோரம் குந்தியிருந்தாள். அவளை மட்டும் செவிலியர் அறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்: “ஆடிக்கு வந்த புள்ளைய, பாக்கி மூணு பவுனப் போட்டுத்தான் அனுப்பணும்னு சொல்லிட்டாங்கம்மா. நாந்தான் அடுத்த மாசம் போடுறேன்னு சமாதானம் சொல்லி அனுப்பி வச்சேன்.” எழுதிவைத்திருந்த காகிதத்தில் பவுனும் இல்லை, ஆடியும் இல்லை. நான் போயிருக்காவிட்டால் அதன் கீழேதான் என் கையெழுத்து விழுந்திருக்கும்.

உன் கோட்டத்தில் இன்னொன்றையும் கவனி. தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. விசாரணையில் மொழிபெயர்த்துச் சொல்ல மாமியார் ஊர்க்காரர் யாரையும் வைக்காதே. வெளியூர்ப் பெண் ஒருத்தியை, முடிந்தால் ஓர் ஆசிரியையை, முன்கூட்டியே பார்த்து வை.

சொந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்தால் பராமரிப்பு விடுப்பு 730 நாள் வரை எடுக்க விதியில் இடமுண்டு. கேட்கும்போது குரல் தாழ வேண்டாம். திருமணம் எப்போது என்று கேட்கிற மேலதிகாரிக்குப் பதில் சொல்லும் கடமை உனக்கில்லை.

அன்னாவைப் போலவே வழி திறந்த இன்னொரு அதிகாரி முத்தம்மா. அவரைப் பற்றியும் கொஞ்சம் எழுத ஆசை. குடகுக்காரர், சென்னையில் பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949-இல் இந்திய வெளியுறவுப் பணிக்கு வந்த முதல் பெண். 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார். உயர்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மனம் புண்பட்டதாக மட்டும் அவர் சொல்லியிருந்தால் அந்த வழக்கு அன்றோடு முடிந்திருக்கும். அவர் 1961-ஆம் ஆண்டு விதிகளை எண்ணோடு எடுத்து வைத்தார். பெண் அதிகாரி திருமணம் செய்ய எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். ஆணுக்கு அப்படி எதுவும் இல்லை. வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு வந்துவிட்டது. 1979 செப்டம்பரில் நீதிபதி கிருஷ்ண ஐயர் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடி, எல்லாப் பணி விதிகளிலும் இந்தக் கறையைக் களையும்படி அரசுக்குச் சொன்னார். அதே துறையில் முதல் பெண் வெளியுறவுச் செயலாளராகச் சோகிலா ஐயர் 2001-இல் வந்தபோது முத்தம்மா உயிரோடிருந்தார் என்பதில் எனக்குத் தனி நிறைவு.

அதனால்தான் சொல்கிறேன், விதிப் புத்தகத்தை மேஜையிலேயே வை. அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள், 1968, மூன்றாம் விதியை முதலில் படி. மேலதிகாரியின் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னால் பிறகு எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உன் கடமை. “அந்தக் கிராமத்துக்கு நீ போக வேண்டாம்மா, தாசில்தார் பார்த்துக்கொள்வார்” என்று போனில் அன்பாக யாராவது சொன்னால், அன்றைக்கே குறிப்புக் கோப்பில் தேதி, நேரத்தோடு எழுதிவிட்டு, எழுத்தில் உறுதிப்படுத்தக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பு. பெரும்பாலும் பதில் வராது; நீ தாராளமாகப் போகலாம்.

பொறுப்பேற்கும் அன்று சால்வைகள் முடிந்ததும், நிலுவையில் உள்ள ஆர்.டி.ஓ. விசாரணைகளின் பட்டியலைக் கேள். அதில் பழையதாக இருப்பதை முதலில் எடுத்து, வாக்குமூலம் எந்த இடத்தில், யார் முன்னால் வாங்கப்பட்டது என்று பார். படித்ததும் எனக்குப் போன் செய், எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் அத்தை