துயர் கேட்போரின் துயர்

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் உளவளத்துணைப் பயிற்சியை முடித்துப் புதிதாக வேலைக்குச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். கதிரையில் அமர்ந்து பிறர் கதையைக் கேட்கும் வேலைதானே, இதில் என்ன களைப்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். வயலில் நின்றவருக்கு உடம்பு நோகும். இவருக்கு எங்கே நோகின்றது என்பதைச் சற்று நோக்குவோம்.

இத்தொழிலின் முதற் கருவி ஒத்துணர்வு. "ஐயோ பாவம்" என்று வெளியே நின்று இரங்குவது அனுதாபம். மற்றவருடைய உலகை அவருடைய கண்கொண்டே பார்க்க முயல்வது ஒத்துணர்வு. அமெரிக்க உளவியலாளர் காள் றொஜர்ஸ் 1957ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கு ஓர் எல்லையும் வகுத்தார். பிறர் உலகைத் தன்னுடையது போல உணரவேண்டும். ஆனால் அந்தப் "போல" என்பதை இழந்துவிடலாகாது. புதியவர்கள் இடறுவது இச்சிறு சொல்லிலேதான்.

நியூயோர்க் நகரின் இலவச சிகிச்சை நிலையமொன்றில் பணியாற்றியவர் உளவியலாளர் ஹேர்பேர்ட் பிராய்டன்பேர்கர். பகலில் தம் தொழில், இரவில் இலவசப் பணி என உழைத்தவர். அங்குள்ள தொண்டர்களிடமும் தம்மிடமும் கண்டதை 1974இல் "எரிந்து தீர்தல்" என்ற பெயரால் எழுதினார். மாறாத களைப்பு, விட்டுப்போகாத தடிமன், தலையிடி, நித்திரையின்மை, சட்டென்று மூளும் கோபம் ஆகியன அதன் அறிகுறிகள். வேலையில் சேர்ந்து ஏறக்குறைய ஓராண்டில் இது தலைகாட்டும் என்றார். சோம்பேறிக்கு இது வருவதில்லை. தன்னையே கொடுப்பவர்தான் முதலில் அகப்படுகின்றார். உலக சுகாதார ஸ்தாபனமும் 2019இல் இதனை நோயென்று கூறாமல், சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட வேலைத்தள மனஅழுத்தத்தின் விளைவு என்றே வகைப்படுத்தியது. எனவே, "மனத்திடம் போதாது" என்று பிள்ளையைக் குறைகூறுவது நியாயமன்று. வேலைநேரமும் ஓய்வும் மேற்பார்வையும் ஒழுங்காக உள்ளனவா என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

அப்படியானால் மனதைக் கல்லாக்கிக்கொள்வதா? இல்லை. ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இங்கு உதவுகின்றது. துன்பப்படுவோரின் படக்காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு முதலில் பிறர் வேதனையை உணரப் பயிற்சி அளித்தபோது அவர்களுடைய சொந்த மனவேதனை கூடியது. பின்னர், அவர் நலமடையவேண்டும் என விரும்பும் பரிவில் பயிற்றியபோது மனம் மீண்டும் தெளிந்தது. வேதனையைச் சுமப்பது வேறு, வேதனைப்படுபவருக்கு நன்மையை விரும்புவது வேறு. முன்னையதில் கண் தன்மேல் திரும்புகின்றது. பின்னையதில் மற்றவர்மேலேயே நிற்கின்றது.

பெற்றோரே, மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று யார் வந்தது? என்ன சொன்னது?" என்று கேளாதீர்கள். அவை பிறருடைய இரகசியங்கள். தேநீரைக் கொடுத்துச் சற்று நேரம் சும்மா இருக்க விடுங்கள். பல நாட்கள் முகம் வாடியே இருக்குமாயின், "உன்னுடைய மேற்பார்வையாளரோடு கதைத்தாயா?" என்று மட்டும் கேளுங்கள்.