எச்சமாய் நின்ற வினை

தமிழ் இலக்கணம் வினையை முற்று என்றும் எச்சம் என்றும் பகுத்துக் காட்டும். 'வந்தான்' எனின் பொருள் நிறைந்துவிடுகிறது. 'வந்து' எனின் கேட்பவரின் செவி அடுத்த சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. சொல்லுக்குரிய இவ்வியல்பு செயலுக்கும் உண்டு. தொடங்கி இடையில் நின்ற வேலை, தான் முற்றுப்பெறும் வரை தொடங்கியவரை விடுவதில்லை. வள்ளுவப் பெருந்தகை, வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், வினையின் எச்சத்தையும் பகையின் எச்சத்தையும் ஒருசேர வைத்து, முற்ற அணைக்காது விட்ட தீயோடு ஒப்பிடுவார். குறைவேலையைப் பகைக்கு இணையாக வைத்தது மிகை எனச் சிலர் கருதலாம். பழைய கார் ஒன்றைக் கழற்றிப்போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் கைவிட்டவரின் வீட்டாரைக் கேட்டால் அவ்வையம் நீங்கும்.

விழுப்புரத்திலிருந்து காணை வழியாகக் கண்டாச்சிபுரம் நோக்கிச் செல்வோர், வழியில் உள்ள ஊர்களின் வீட்டுப் புறக்கடைகளிலும் பட்டறை ஓரங்களிலும் தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடர்களையும் பியட்டுகளையும் இன்றும் காணக்கூடும். அவற்றுள் பல காயலான் கடைக்குப் போகக் காத்திருப்பவை அல்ல. என்றேனும் ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் நிறுத்தப்பெற்றவை. தந்தையார் வாங்கிய வண்டி, திருமண ஊர்வலத்திற்குச் சென்ற வண்டி, ஊரில் முதன்முதல் வந்த வண்டி எனப் பெருமை சொல்லி வேலை தொடங்கப்பெறுகிறது. ஈராண்டில் அந்தப் பெருமையைப் பேசுவோரும் இலர்.

ஊக்கம் ஏன் இடையில் அறுபடுகிறது என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது. சோம்பல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆயினும் அது பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. சோம்பலுடையார் இத்தகைய வேலையைத் தொடங்குவதே இல்லை.

உண்மைக் காரணம் வேலையின் இயல்பிலேயே உள்ளது. கழற்றுதல் விரைவானது, கண்ணுக்குத் தெரிவது, களிப்பூட்டுவது. பூட்டுதல் மெதுவானது. 1960களில் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மேலுடல் தனியான அடிச்சட்டத்தின் மீது போல்ட்டுகளால் பிணைக்கப்பெற்றது. முன்மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். சில நாள்களிலேயே அதனைத் துண்டுதுண்டாகப் பிரித்துவிடலாம். பிரித்த பின்னரே அடித்தகட்டைத் துரு தின்றிருப்பது புலனாகும். டிங்கர் வேலைக்கு ஆள் தேட வேண்டும். செய்த நிறுவனமே இல்லாதொழிந்தமையால் உதிரி உறுப்பு ஒன்றிற்காகச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் அலைய வேண்டும்; கிடைக்காவிடின் லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ள வேண்டும். ஒரு கார்புரேட்டர் உறுப்புக்காக மூன்று திங்கள் காத்திருப்பவரின் கையில், அந்த மூன்று திங்களும் காட்டுவதற்கு ஒன்றும் இராது. பணமும் போதாமற் போகும். பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. எந்த போல்ட் எந்தத் துளையினின்று எடுத்தது என்பது நினைவினின்று நழுவிவிடும். அன்று முதல் அவ்வண்டி, கழற்றியவருக்கே ஒரு புதிராகி அச்சமூட்டுகிறது. அச்சத்தை நேரமின்மை என்று பெயர் மாற்றி வழங்குவது மனித இயல்பு.

உளவியலாரும் இதுபற்றிச் சிந்தித்துள்ளனர். பெர்லினில் கூர்ட் லெவின் என்னும் பேராசிரியரிடம் பயின்ற புளூமா சைகார்னிக் என்னும் பெண்மணி, இடையில் தடுக்கப்பட்ட வேலைகளே முடித்த வேலைகளினும் நன்கு நினைவில் நிற்கின்றன என 1927 இல் எழுதினார். அவருடைய முடிவு பின்வந்த ஆய்வுகளில் எப்போதும் உறுதிப்படவில்லை. அதே ஆசிரியரிடம் பயின்ற மரியா ஓவ்சியாங்கினா 1928 இல் கண்டது அதனினும் வலுவுடையது: இடையில் நிறுத்தப்பட்ட வேலையை, எவரும் ஏவாமலே மீண்டும் கையிலெடுக்கும் நாட்டம் மக்களிடம் உண்டு. அங்ஙனமாயின் தார்ப்பாய்க்குள் கிடக்கும் கார் மட்டும் ஏன் எடுக்கப்படுவதில்லை? அந்த ஆய்வுகளில் தரப்பட்டவை சிறு வேலைகள். மீண்டும் தொடங்கும் இடம் கண்ணெதிரே இருந்தது. நம்மவரின் காருக்கு அந்த இடம் தெரிவதில்லை. எனவே ஊக்கம் மாண்டுவிட்டது என்பதைவிட, அது நுழைய வாயிலின்றி நிற்கிறது என்பதே பொருந்தும்.

இதற்கு நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைபட்ட சான்று ஒன்று உண்டு. அது காரன்று, நீராவி எஞ்சின். இங்கிலாந்தின் லீட்சு நகரில் கிட்சன் நிறுவனத்தார் 1855 இல் செய்தளித்த 'பேரி குயின்', கிழக்கிந்திய ரயில்வேயில் ஓடி 1909 இல் ஓய்வுபெற்றது. பின்னர் ஹவுராவிலும், 1943 முதல் சந்தவுசி ரயில்வே பயிற்சிப் பள்ளியிலும், அதன்பின் தில்லி ரயில் அருங்காட்சியகத்திலும் காட்சிப் பொருளாய் நின்றது. அதனைப் பளபளப்பாக்கி நிறுத்துவதில் அரிதொன்றும் இல்லை. ஓட வைப்பதே அரிது. நெடுங்காலம் குளிர்ந்து கிடந்த கொதிகலன் நீராவியின் அழுத்தத்தைத் தாங்குமா என்பதை முதலில் நீரை நிரப்பி அழுத்திச் சோதித்தே அறிய வேண்டும். ஐயத்துடன் நெருப்பு மூட்ட இயலாது. சென்னைப் பெரம்பூர் லோகோ பணிமனையார் அவ்வெஞ்சினைச் செப்பனிட்டனர். 1997 சூலையில், 88 ஆண்டுகளுக்குப் பின், அது மீண்டும் இருப்புப்பாதையில் ஓடியது. 1998 இல், முறையாக இயங்கும் எஞ்சின்களுள் உலகிலேயே பழமையானது என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது.

கதை அத்துடன் முடிந்திருப்பின் அது வெறும் வெற்றிக் கதை. நமக்கு அதிகம் பயன்படாது. 2011 இல் தில்லிப் பணிமனையில் நின்றபோது அதன் உறுப்புகள் பல களவு போயின. எழுந்த எஞ்சின் மீண்டும் படுத்தது. பாடுபட்டுச் செப்பனிட்ட ஒன்று பிறர் செயலால் பாழாகும்போது உண்டாகும் சலிப்பு, முதல் சலிப்பினும் கொடியது. ஆயினும் காணாமற்போன உறுப்புகள் ஈடுசெய்யப்பெற்றன. 2017 பிப்ரவரியில் அது தில்லிக்கும் ரேவாரிக்கும் இடையே பயணிகளுடன் மீண்டும் ஓடியது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே பெரம்பூரார் செய்த வேறொரு பணியே நம் கருத்தை மிகவும் ஈர்த்தது. பேரி குயினின் உடன்பிறப்பு எனத்தக்க 'எக்ஸ்பிரஸ்' என்னும் ஈ.ஐ.ஆர். 21 எஞ்சினும் 1855 இல் பிறந்து 1909 இல் ஓய்வுபெற்றதே. ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறாண்டுக்கு மேல் காட்சிக்கு நின்ற அதனை, 2010 இல் பெரம்பூரார் உயிர்ப்பித்தனர். முன்பொரு முறை இத்தகைய எஞ்சினை ஓட வைத்த பணிமனை அது. பழைய வேலையில் பயின்ற கையும் கண்ணும் புதிய வேலைக்கு முதலாக நிற்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. நீராவி எஞ்சின்களைக் கண்டு வளர்ந்த விழுப்புரத்து மூத்தோர் இதன் அருமையை நம்மினும் நன்கறிவர்.

இனிக் காருக்கு வருவோம். நின்ற வேலையை எழுப்ப முனைவோர் பெரும்பாலும் ஒரு தவறான தொடக்கத்தைத் தேர்கின்றனர். இவ்விடுமுறையில் முழுவதையும் முடித்துவிடுவேன் என்று சூளுரைக்கின்றனர். அதனினும் ஒரு பிற்பகலைச் செலவிட்டுச் சிதறிய உறுப்புகளைத் திரட்டி, இனம் பிரித்துப் பையிலிட்டு, ஒவ்வொன்றின் மீதும் பெயரெழுதிக் கட்டிவைத்தல் மேலானது. அன்றே கார் ஓடப்போவதில்லை. ஆனால் எது இருக்கிறது, எது இல்லை என்னும் பட்டியல் கையில் வந்துவிடுகிறது. புதிர் கணக்காக மாறுகிறது. அடுத்து, ஒரே நாளில் முடியக்கூடிய ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஒரு கதவின் பூட்டு, ஒரு சக்கரத்தின் பிரேக்கு. குறிக்கோளை நெருங்க நெருங்க உயிர்கள் முயற்சியை மிகுக்கின்றன எனக் கிளார்க் ஹல் என்னும் அமெரிக்க அறிஞர் 1930களில் எலிகளைக் கொண்டு காட்டினார். எலிக்கு உண்மையானது மனிதர்க்கும் பெரிதும் ஒக்கும்.

காரைப் பிறரிடம் ஒப்படைப்பதும் இழுக்கன்று. உமறுப்புலவர் முற்றுவிக்காது விட்ட சீறாப்புராணத்தின் எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். அதனால் உமறுவின் புகழ் குன்றிவிடவில்லை. தகுந்த கை கிடைப்பின், பெயரெழுதிய பைகளோடும் ஆர்.சி. புத்தகத்தோடும் ஒப்படைக்கலாம். சிலர் விற்க மனமின்றியும் செய்ய வலியின்றியும் மழையில் நனையவிடுகின்றனர். அவர்களுடைய பற்றை நாம் ஐயுறவில்லை. துருவுக்கு அது தெரியாது என்பதே வருத்தம்.

சட்டமும் ஓரளவு துணைக்கு வந்துள்ளது. 2021 சூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவுமுறை வகுத்தது. அடிச்சட்டம், மேலுடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாது மூல வடிவில் பேணியிருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் குறுக்குவழியைத் தேடுவோர், அவ்வுரிமையை இழக்க நேரலாம் என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

சட்டத்தினும் விரைவாக மறைவது ஒன்று உண்டு; அது பழைய மெக்கானிக்கின் கைத்திறன். ஹெரால்டின் முன்மூடியைச் சீராகப் பொருத்தவும், அம்பாசிடரின் எஞ்சின் ஒலியைக் கேட்டே வால்வு இடைவெளியைச் சொல்லவும் வல்லவர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் எவ்வேட்டிலும் எழுதி வைக்கவில்லை. கண்டாச்சிபுரத்திலும் திருக்கோவிலூரிலும் திண்டிவனத்திலும் இன்னும் பட்டறை வைத்திருக்கும் அத்தகையோரிடம், காருடையவர் தம் மகனையோ மாணவர் ஒருவரையோ அழைத்துச் சென்று, அவர் வாய்ச்சொல்லைக் குறித்துக்கொள்ளச் செய்யலாம். ஓலைச்சுவடி தேடித் திரிந்த தமிழாசிரியர் மரபில் வந்த நம் துறை மாணவர்க்கு இது புதிய வேலையன்று. திருகுமுடுக்கியின் பெயர் முதல் துருவின் வகை வரை பட்டறையில் வழங்கும் சொற்களையும் அவர்கள் உடன் தொகுத்து வரலாம். அகராதிகளில் அவற்றுட் பலவற்றை நாம் கண்டிலோம்.