காலந் தாழ்த்தல்

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பத்திராதிபர் எம்மைக் கேட்டது ஆடி மாதத்தில். யாம் இதனை எழுத அமர்ந்தது தை மாதத்தில். இடைப்பட்ட திங்கள்களில் யாம் வாளா கிடந்தோமல்லோம். மேசையைத் துடைத்தோம். புத்தகங்களை உயரம் பார்த்து அடுக்கினோம். பின்னர் அவற்றைப் பாடவாரியாக மாற்றி அடுக்கினோம். அவசரமில்லாத வேறொரு பாடத்தின் குறிப்புக்களை அழகிய கையெழுத்திற் படியெடுத்தோம். கைப்பேசியில் வந்த செய்திகளுக்கெல்லாம், விடை வேண்டாதனவற்றுக்குங்கூட, விடை அனுப்பினோம். பத்திராதிபர் தாழ்வாரத்தில் வரக் கண்டால் நூல்நிலையத்தின் பின்வாயில் வழியே அகன்றோம். எழுதற்குரிய பொருள் யாதென்று இத்தனை காலம் தேடிய எமக்கு, அப்பொருள் எம் நடத்தையினுள்ளேயே அகப்பட்டது. இக்குறை இல்லாத மாணவர் எவரேனும் இருப்பின் அவர் இப்பக்கங்களைக் கடந்து செல்லலாம். அவர் தொகை பெரிதாக இராதென்றே எண்ணுகின்றோம்.

காலந் தாழ்ப்பவனைச் சோம்பேறி என்பது உலக வழக்கு. யாம் ஆராய்ந்த அளவில் இவ்வழக்குப் பொருந்தவில்லை. சோம்பேறி மேசையைத் துடையான். புத்தகங்களை இருமுறை அடுக்கான். திருவள்ளுவரும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டிலர். மடியின்மை என்னும் 61ஆம் அதிகாரத்தில், கெட்டொழியும் இயல்பினார் விரும்பி ஏறும் மரக்கலம் போல்வன இவை என்று அவர் நான்கு குற்றங்களை எண்ணுகின்றார்: காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், துயில். நீட்டித்தலும் சோம்பலும் ஒன்றேயாயின் எண் மூன்றாதல் வேண்டும். சொல்லை வீணே செலவிடாத அப்புலவர் நான்கென எண்ணியது கருதத்தக்கது.

அன்றியும், எல்லாத் தாழ்த்தலையும் அவர் குற்றமென்றாரல்லர். வினைசெயல்வகை என்னும் 68ஆம் அதிகாரத்தில், ஆறச் செய்யத்தக்க வினையை ஆறச் செய்க, ஆறாது செய்யத்தக்கதை ஆறவிடற்க என்னுங் கருத்து வருகின்றது. அங்கே அவர் ஆண்ட சொல் தூங்குதல் என்பது. இக்காலத்தார்க்கு அச்சொல் உறக்கத்தையே நினைப்பிக்கும். அதன் பழம்பொருளோ தொங்குதல், அசைதல் என்பன. தூங்கணாங்குருவி உறங்குங் குருவியன்று. தொங்கும் கூடு கட்டுங் குருவி. வஞ்சிப்பாவுக்குரிய ஓசையைத் தூங்கலோசை என்ப. அவ்வோசை உறக்கந் தருவதாலே அப்பெயர் பெற்றதென்று முதலாண்டு மாணவர் சிலர் கருதுவதுண்டு; அதற்கு யாப்பிலக்கண வகுப்புப் பிற்பகலில் வைக்கப்படுவதே காரணமாகலாம். அஃது எவ்வாறாயினும், தொங்குதலாகிய இப்பழம்பொருளே எம் நோயின் இலக்கணத்தைச் செவ்வனே காட்டுகின்றது. காலந் தாழ்ப்பவன் காரியத்தைச் செய்வதுமில்லை, கைவிடுவதுமில்லை. அதிலேயே தொங்குகின்றான். ஓய்ந்திருப்பவனுக்குரிய இன்பமும் அவனுக்கில்லை.

இனி, தொங்குதற்குக் காரணம் யாது? அப்போஸ்தலர் நடபடிகள் 24ஆம் அதிகாரத்தில் இதற்கொரு விடை கிடக்கின்றது. தேசாதிபதியாகிய பேலிக்ஸ், காவலிலிருந்த பவுலை அழைப்பித்து அவர் உபதேசத்தைக் கேட்கின்றான். நீதியையும் இச்சையடக்கத்தையும் இனி வரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிக் கேட்டபோது அவன் நடுங்கினான் என்றும், இப்போது போகலாம், சமயம் வாய்க்கும்போது அழைப்பிப்பேன் என்று சொல்லி அனுப்பினான் என்றும் வேதம் கூறுகின்றது. ஞாயிறு பள்ளியில் இப்பகுதியைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆயினும் நடுங்கினான் என்ற சொல்லை அண்மையிலேதான் ஊன்றிக் கவனித்தோம். அவன் சோம்பியிருந்ததால் ஒத்திவைத்தானல்லன், அஞ்சியதால் ஒத்திவைத்தான். பின்னும் ஒன்று. அதன்பிறகு அவன் பவுலை அடிக்கடி அழைப்பித்துப் பேசினான். பணம் கிடைக்குமென்னும் நசை அதற்கொரு காரணமென்று வேதமே சொல்கின்றது. எக்காரணத்தாலாயினும், பேச்சு நிகழ்ந்தது, தீர்ப்பு நிகழவில்லை. யாம் புத்தகங்களை அடுக்கினமை போல. இரண்டு ஆண்டு சென்றபின் அவனிடத்துக்குப் பொர்க்கியு பெஸ்து வந்தான். பவுல் கட்டப்பட்டவராகவே இருந்தார். ஒருவன் தாழ்த்தலின் விலையைப் பெரும்பாலும் மற்றொருவனே கொடுக்கின்றான் என்பதற்கு இது போதிய சான்று.

இக்காலத்து உளநூலாரும் இக்கருத்தையே வேறு சொற்களாற் கூறுகின்றனர். பூஷியா சிரோவா என்பவரும், கனடா நாட்டுத் திமத்தி பிச்சில் என்பவரும் 2013இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், காலந் தாழ்த்தல் நேரத்தைப் பகுத்தாளத் தெரியாமையால் வருவது என்பதினும், மனத்தின் வருத்தத்தை அப்போதைக்கு ஆற்றிக்கொள்ளும் முயற்சி என்பதே பொருந்துமென்று காட்டினர். ஒரு காரியத்தை நினைத்தவுடன் அச்சமோ சலிப்போ தன் திறமையைப் பற்றிய ஐயமோ எழுகின்றது. அதனை விலக்கி வைத்தால் அவ்வுணர்ச்சி உடனே தணிகின்றது. தணிந்த சுகத்தை மனம் மறவாது. அடுத்த முறையும் அதே மருந்தைக் கேட்கின்றது. கடனை நாளைய மனிதன் தலைமேல் ஏற்றிவிட்டு இன்றைய மனிதன் இளைப்பாறுகின்றான். நாளைய மனிதனும் தானே என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை.

இவ்விடத்தில் எம் கதையையும் சொல்லிவிடுதல் முறையாகும். எம் ஆய்வேட்டுக்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள். சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864இல் மறைந்தவர். அவர் பாட்டுக்களின் சொற்கள் அச்சிற் கிடைக்கும். ஆயின் சிற்றூர்ச் சபைகளில் அவற்றைப் பாடிவந்த மெட்டுக்கள் எல்லாம் அச்சிலில்லை. கலாசாலையிலிருந்து பஸ்ஸில் ஒருமணி நேரத் தொலைவிலுள்ள ஓர் ஊரில் முதிய உபதேசியார் ஒருவர் இருக்கின்றார். தம் பாட்டனாரிடம் கற்ற 23 பாட்டுக்களைப் பழைய மெட்டிற் பாடவல்லவர் அவர். இந்த வாரமே போய்ப் பதிவு செய்துகொள்க என்று ஆசிரியர் ஆனி மாதத்தில் எமக்குச் சொன்னார். யாமும் கடிதம் எழுதி, வருவதாக அறிவித்தோம். போகவில்லை. காரணத்தை இப்போது மறைப்பதிற் பயனில்லை. எமக்கு இராகமும் தாளமும் தெரியா. அப்பெரியவர் முன் யாதொன்றும் அறியாதவராய் அமர நேருமே என்ற நாணமே எம்மைத் தடுத்தது. சற்று இசை கற்றுக்கொண்டு போகலாமென்று எமக்கே சமாதானஞ் சொல்லிக்கொண்டோம். இசையையும் கற்றோமில்லை. புரட்டாசியில் அவரைப் பாரிசவாதம் தாக்கி நா எழாது போயிற்றென்று செய்தி வந்தது.

எம்மைப் போன்றாருக்கு ஒருவகை ஆறுதலாகவும் ஆசிரியராகவும் விளங்குபவர் ஆங்கிலப் பேரறிஞர் சாமுவேல் ஜான்சன். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திருத்தமாகப் பதிப்பித்துத் தருவதாக அவர் 1756இல் அறிக்கை விடுத்து, அடுத்த ஆண்டிறுதிக்குள் தருவதாகக் கெடுவும் வைத்து, பலரிடம் முன்பணம் பெற்றார். நூல் வெளிவந்தது 1765இல். நடுவே சார்லஸ் சர்ச்சில் என்னும் புலவர், பணம் இங்கே, புத்தகம் எங்கே என்ற கருத்துப்பட எள்ளிப் பாடியது ஊரெல்லாம் பரவிற்று. முன்பணம் தந்தவர் பெயர்களை நூலில் ஏன் அச்சிடவில்லையென்று கேட்டவருக்கு, பெயர்களெல்லாம் தொலைந்தன, பணமெல்லாம் செலவாயிற்று என்று ஜான்சன் காரணங் கூறினாராம். அதிகாலையில் எழுவேன், காலத்தை வீணாக்கேன் என்று அவர் ஆண்டுதோறும் ஆண்டவர் முன் செய்த தீர்மானங்கள், அவர் இறந்தபின் 1785இல் அச்சான பிரார்த்தனை நூலில் வரிசையாகக் காணக்கிடக்கின்றன. தீர்மானம் மறுபடியும் செய்யப்பட்டதே, முந்தியது நிறைவேறாமைக்குச் சான்றன்றோ? யோவான் சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில், ஒருவரும் வேலை செய்யக்கூடாத இராக்காலம் வருவதைப்பற்றி ஆண்டவர் கூறியதன் முதற்சொற்களை அவர் தம் கடிகாரத்தின் முகப்பிற் கிரேக்க எழுத்தாற் பொறித்து வைத்திருந்தார். அதுவும் அவரை அதிகாலையில் எழுப்பியதாகத் தெரியவில்லை.

இத்தகைய ஜான்சன்தான் ‘ராம்ப்ளர்’ என்னும் தாளை 1750 மார்ச்சு முதல் 1752 மார்ச்சு வரை, வாரத்துக்கு இரண்டாக, 208 இதழ்கள் தவறாது கொணர்ந்தார். நாலைந்து நீங்கலாக அனைத்தும் அவர் எழுதியவையே. 1759இல் தாயார் இறந்தபோது அதற்கான செலவுக்கும் அவர் விட்ட சிறு கடன்களுக்குமாக ‘ரசலாஸ்’ என்னுங் கதையை ஒரே வாரத்து மாலைப்பொழுதுகளில் எழுதி முடித்தார். ராம்ப்ளரின் 134ஆம் இதழ் காலந் தாழ்த்தலைப் பற்றியதே. எப்பொருளை எழுதுவதென்று எண்ணிக்கொண்டேயிருந்து, அச்சகத்திலிருந்து ஆள் வந்தபின்னரே எழுதத் தலைப்பட்டதை அதன் தொடக்கத்தில் அவரே ஒப்புக்கொள்கின்றார்.

ஒரே மனிதர், ஒரே மூளை, ஒரே சோர்வு. ஒன்பது ஆண்டு தொங்கியது ஒன்று; கிழமை தவறாது முடிந்தது மற்றொன்று. வேறுபாடு எங்கே? ஷேக்ஸ்பியர் பதிப்பு எல்லை காணாப் பெருவேலை. அதன் கெடு தொலைவில் இருந்தது; கெடுவைக் காக்க வாயிலில் நின்றவர் எவருமிலர். ராம்ப்ளரோ ஓரிரு தாளில் அடங்குவது; செவ்வாயும் சனியும் தவறாது வருவன; அச்சகத்துப் பையன் கதவைத் தட்டுவான். ஜான்சன் தம் இயல்பை மாற்றிக்கொண்டவரல்லர். அவ்வியல்போடு கூடவே வேலை நடைபெறுதற்கேற்ற ஓர் ஏற்பாடு அமைந்தது, அவ்வளவே. தமிழிலும் இதற்கொப்ப ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையரவர்கள் தம் ‘என் சரித்திர’த்தை 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதினார்கள். அப்போது அவர்களுக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. 1942இல் அவர்கள் மறைந்தபோது அது முற்றுப்பெறாமலே நின்றதாயினும், வாரப் பகுதிகளாகத் தொடங்காதிருப்பின் இப்போதுள்ள நூலும் நமக்குக் கிடைத்திருக்குமோ என்பது ஐயமே. பிறர் நூல்களைக் காத்தற்காகத் தம் கதையை அத்தனை காலம் ஒதுக்கி வைத்தது தாழ்த்தலாகாது. வள்ளுவர் ஒப்புக்கொண்ட தூங்குதல் அதுவே.

வாயிலிற் பையன் இல்லாதார் என் செய்வது? ஜெர்மானிய உளநூலார் பீட்டர் கோல்விட்சர், மற்றொருவருடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட சோதனையொன்று எம்மைக் கவர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவை எவ்வாறு கழித்தீர் என்று, அந்நாள் கழிந்து இரண்டு தினத்துக்குள் எழுதி அனுப்புமாறு மாணவரைக் கேட்டனர். ஒரு பகுதியாரிடம் மாத்திரம், எந்த நேரத்தில் எந்த இடத்தில் அமர்ந்து எழுதுவீர் என்பதையும் முன்னரே குறித்துத் தரச் சொன்னார்கள். அவ்வாறு குறித்தவருள் உரிய நாளில் எழுதி அனுப்பினார் வீதம், குறியாதாரினும் இருமடங்குக்கு மேலாயிற்று. பண்டிகை நாளில், வீட்டார் சூழ, பலகாரத்துக்கு நடுவே இது நிகழ்ந்ததென்பதை நினைக்க! எழுதுவேன் என்பது விருப்பம். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு இன்ன இடத்தில் எழுதுவேன் என்பது ஏறக்குறையச் செயல்.

மற்றொரு சோதனை எம்மை இன்னும் ஆழமாகத் தொட்டது. முன்னர்க் கூறிய பிச்சிலும், மைக்கேல் வோல், ஷானன் பென்னெட் என்போரும், முதலாண்டு மாணவரிடையே நடத்தி 2010இல் வெளியிட்டது அது. முதற் தேர்வுக்குப் படிக்காமற் காலந் தாழ்த்திய மாணவருள், அதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர் அடுத்த தேர்வுக்கு முன்னிலும் குறைவாகவே தாழ்த்தினராம். முதலில் இதனை யாம் நம்பவில்லை. மன்னித்தால் அக்குற்றம் வளருமன்றோ என்பதே எம் எண்ணம். அவ்வச்சம் முற்றும் பிழையென்று இப்போதும் சொல்லோம். மன்னிப்பென்று பெயரிட்டு மறுபடியும் உறங்கச் செல்வாரும் உளர். ஆயினும் எமக்கு நேர்ந்ததை நோக்க அவர்கள் கூற்று மெய்யென்றே படுகின்றது. உபதேசியார் நோயுற்ற செய்தி கேட்டபின்னரும் யாம் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. ஐப்பசி முழுவதும் கழிந்தது. முதற் தாமதம் அச்சத்தால் வந்தது; இரண்டாவதை வருவித்தது குற்றவுணர்வே. எந்த முகத்தோடு போவது என்னும் அக்கேள்வி பணிவுபோலத் தோன்றினும் உண்மையில் அதுவும் ஒரு பின்வாயில்.

கார்த்திகையில் ஒருநாள் போனோம். அவர் திண்ணைக் கட்டிலிற் சாய்ந்திருந்தார். வலக்கை செயலற்றுக் கிடந்தது. எம்மைக் கண்டதும் இடக்கையால் நாற்காலியைக் காட்டினார். அவர் மகளார் காப்பி கொணர்ந்து வைத்து, “ஆவணி முழுவதும், காலேஜுப் பிள்ளை இன்னும் வரவில்லையா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்கள்” என்றார். அதில் குறைகூறும் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. யாம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது பெரியவர் மறுபடியும் அந்நாற்காலியைக் காட்டினார். அமர்ந்தோம்.

அந்த அம்மையாருக்குப் பாட்டுக்களிற் பாதி நினைவிலிருக்கின்றது. சிறுமியாயிருந்தபோது அடுப்படியிலிருந்து கேட்டவையாம். அன்றே நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டோம்: சனிக்கிழமைதோறும் மாலை 4 மணி, அவர்கள் வீட்டுத் திண்ணை. அம்மையார் பாடுவார். யாம் கைப்பேசியில் பதிவு செய்வோம். மெட்டுப் பிழைத்த இடத்தில் பெரியவர் கட்டிற் சட்டத்தை இடக்கையால் தட்டுவார். அம்மையார் நிறுத்தி வேறுவகையாகப் பாடிப் பார்ப்பார். தட்டுதல் ஓய்ந்தால் அதுவே மெட்டு. சில பாட்டுக்கு ஒரு சனிக்கிழமை போதும். ஒன்றுக்கு மூன்று சனிக்கிழமைகள் சென்றும் தட்டுதல் ஓயவில்லை, அதனை விட்டுவைத்திருக்கின்றோம். 23இல் இதுவரை கிடைத்தவை 7. வருகிற சனிக்கிழமைக்குரிய பாட்டை அம்மையார் இப்போதே அடுப்படியில் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தொலைபேசியிற் சொன்னார்.