வடிவியல் முடித்தாயிற்று, போஸ்ட்டாக் எங்கே?

வடிவியலில் முனைவர் பட்டத்தை முடிக்கும் நிலையில் இருப்பவர்களில் பலர் கணிதத் துறை விளம்பரங்களைத் தாண்டிப் பார்ப்பதில்லை. அங்கே போட்டி கடுமை. இதே அறிவுக்கு இயந்திரப் பொறியியல், ரோபோட்டிக்ஸ், கணினி வரைகலை, மருத்துவப் படிமவியல் ஆய்வகங்களும் ஆள் தேடுகின்றன. ஆனால் அந்த விளம்பரங்களில் ‘வடிவியல்’ என்ற சொல்லே பல சமயம் இருக்காது. ‘மெஷ் ஜெனரேஷன்’, ‘ஷேப் ஆப்டிமைசேஷன்’, ‘டோபாலஜிக்கல் டேட்டா அனாலிசிஸ்’ என்றெல்லாம் தேடிப் பாருங்கள்.

வடிவியல் மற்ற துறைகளில் எப்படிப் புகுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோர்யோ மியுரா வகுத்த காகித மடிப்பு, 1995இல் ஏவப்பட்ட ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட்டில் சூரியத் தகட்டை விரிக்கும் சோதனைக்குப் பயன்பட்டது. இப்போது கேள்வி தலைகீழாகியிருக்கிறது: வேண்டிய வளைபரப்பு இது, இதைத் தரும் மடிப்புக் கோலம் எது? ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனின் குழு இதைத்தான் கேட்டது. காஸ் வளைவை ஏட்டில் படித்தவருக்கு இது அந்நியமான கணக்கு அல்ல. இன்னொரு எடுத்துக்காட்டு: சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், லைப்சிக் மாக்ஸ் பிளாங்க் கழகத்தினருடன் சேர்ந்து, ரிச்சி வளைவைப் பங்குச் சந்தை வலையமைப்புகளில் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்த லைப்சிக் கழகத்தின் பெயரே ‘அறிவியல்களில் கணிதம்’ என்பதுதான். அதன் அறிவிப்புகளைத் தவறவிடாதீர்கள். அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஐசெர்ம் (ICERM) ஆய்வு நிறுவனம், கணிப்பும் கணிதமும் கலந்த பருவ நிகழ்ச்சிகளுக்குப் போஸ்ட்டாக்குகளை எடுக்கிறது.

காலக்கெடு விஷயத்தில் அசட்டை கூடாது. அமெரிக்கக் கணிதத் துறை இடங்கள் பெரும்பாலும் மேத்ஜாப்ஸ் தளத்தில் வரும். நவம்பர், டிசம்பரில் விண்ணப்பித்தால் அடுத்த ஆகஸ்டில் சேரலாம். ஐரோப்பாவின் மேரி கியூரி நல்கைக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கடைசி நாள். நீங்கள் போகவிருக்கும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியின் ஹம்போல்ட் நல்கைக்கு விண்ணப்பிக்க, உங்களை ஏற்கும் பேராசிரியரின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். பொறியியல் ஆய்வகங்களோ நல்கைப் பணம் வந்ததும் ஆள் எடுப்பவை. அவற்றுக்கு நேரடி மின்னஞ்சல்தான் வழி.

அந்த மின்னஞ்சலின் முதல் வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘நான் ரீமான் பன்மடிகளில் சராசரி வளைவு ஓட்டத்தை ஆய்வு செய்தேன்’ என்று தொடங்கினால் மூளை ஸ்கேனோடு மல்லுக்கட்டும் பொறியாளருக்கு ஒன்றும் எட்டாது. ‘இரைச்சல் மிகுந்த முப்பரிமாணப் பரப்பை, முக்கிய விளிம்புகள் சிதையாமல் மென்மையாக்கும் வழிகளில் வேலை செய்கிறேன், உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் வரும் சிக்கலில் முயன்று பார்க்க விரும்புகிறேன்’ என்று எழுதுங்கள். ஆள் ஒருவர்தான், கணிதமும் ஏறக்குறைய அதேதான். கூடவே ஓடும் நிரல் ஒன்றின் இணைப்பும் இருக்கட்டும். நூறு வரி பைத்தானே போதும். தேற்றம் மட்டும் காட்டுபவரைவிட நீங்கள் முன்னால் நிற்பீர்கள்.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது கணிதத்துக்கு வெளியே இருப்பவரிடமிருந்து வரட்டும். நேர்காணலில் சம்பளம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அதைவிட முக்கியமாக, திட்டப் பணத்தில் எடுக்கிறார்களா, சுதந்திர நல்கையா என்று கேளுங்கள். திட்டப் பணமென்றால் வாரத்தில் எத்தனை நாள் உங்கள் சொந்தக் கட்டுரைக்கு என்பதையும் சேரும் முன்பே பேசி, மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள்.