பெரிய டயர், குறைந்த கிலோமீட்டர்

ஒரு சைஸ் பெரிய டயர் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் சில வாரத்தில் ஒரு புகாரும் ஒரு சந்தோஷமும் இருக்கும். புகார்: "மைலேஜ் குறைந்துவிட்டது." சந்தோஷம்: "முன்பு மீட்டர் 100 காட்டினால் போன் 95தான் காட்டும். இப்போது இரண்டும் ஒன்றாக இருக்கிறது. டயர் மாற்றியதில் மீட்டர் சரியாகிவிட்டது." புகாரில் பாதி கணக்குக் கோளாறு. சந்தோஷமோ முழுக்கவே தவறு. மீட்டரைத் திருத்தப் போகிறவர்கள் தடுக்கி விழுவதும் இந்தச் சந்தோஷத்தில்தான்.

கார் கிலோமீட்டரை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, கம்பெனியில் போட்ட டயரின் சுற்றளவால் பெருக்கிக்கொள்கிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதலாக நகரும். மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கையே போடும்.

முதலில் கணக்கு. டயரின் பக்கச்சுவரில் 215/75 R15 என்று இருந்தால் அகலம் 215 மி.மீ., சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரிம் 15 இஞ்ச். அகலத்தை 0.75ஆல் பெருக்கி, அதை இரட்டித்து, ரிம்மின் இஞ்ச்சை 25.4ஆல் பெருக்கிக் கூட்டினால் விட்டம் வரும்: 322.5 + 381 = 703.5 மி.மீ. இது பொலேரோவின் கம்பெனி சைஸ். கிராமச் சாலைக்கும் கம்பீரத்துக்கும் என்று பலர் போடும் 235/75 R15க்கு இதே கணக்கில் 733.5 மி.மீ. வித்தியாசம் 4.26 சதவீதம். மீட்டர் 100 கி.மீ. என்று சொல்லும்போது வண்டி 104 கி.மீ.க்கு மேல் ஓடியிருக்கும். உண்மையில் லிட்டருக்கு 12 கொடுக்கும் வண்டி, கணக்குப் போட்டால் 11.5 கொடுப்பதாகத் தெரியும். பெரிய டயரின் எடை கொஞ்சம் டீசலைக் குடிக்கத்தான் செய்யும். ஆனால் புகாரின் ஒரு பகுதி காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

எல்லா மாற்றத்துக்கும் திருத்தம் வேண்டியதில்லை. ஸ்விஃப்டின் கீழ் வேரியண்டில் வந்த 165/80 R14ஐக் கழற்றிவிட்டு மேல் வேரியண்டின் 185/65 R15 போட்டால் விட்டம் 619.6லிருந்து 621.5 ஆகிறது. 0.3 சதவீதம்தான். ரிம் பெரிதாக, சுவர் குட்டையாக, மொத்த உயரம் அப்படியே. இதற்கு மீட்டரைத் தொட்டால் வீண்செலவு. புது டயரில் சுமார் 8 மி.மீ. ஆழத்துக்குப் பட்டன் (பள்ளக்கோடுகள்) இருக்கிறது, சட்டப்படி 1.6 வரை தேயலாம். அந்தத் தேய்மானமே பொலேரோ அளவு டயரில் விட்டத்தை 1.8 சதவீதம் குறைத்துவிடும். ஆகவே என் விதி: 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் மறந்துவிடுங்கள். 3க்கு மேலே என்றால் திருத்துங்கள். 7, 8 சதவீதம் என்றால் மீட்டரை விடுங்கள், அந்த டயரையே திரும்ப யோசியுங்கள். கியர், பிரேக், வீல் ஆர்ச் எல்லாமே உங்களோடு சண்டைக்கு வரும்.

இனி வருவதுதான் கஷ்டமான இடம். எதைச் சரியாக்கப் போகிறீர்கள், வேகத்தையா தூரத்தையா?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. ஸ்பீடோமீட்டர் கம்பெனியிலிருந்து வரும்போதே வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி 39 இப்படிச் சொல்கிறது: காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது, கூடலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. உண்மையில் 80இல் போகும் வண்டியின் முள் 80க்கும் 92க்கும் இடையே எங்கே நின்றாலும் சரிதான். அதனால் எந்தக் கம்பெனியும் முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்துவதில்லை, சில சதவீதம் தள்ளியே வைக்கும். ஓடோமீட்டருக்கு இந்தக் கூட்டல் கிடையாது. அது சுற்றுகளை எண்ணுகிறது, அவ்வளவே. நல்ல நிலையிலுள்ள வண்டியில் தூரம் ஏறக்குறைய சரியாகவும் வேகம் கொஞ்சம் கூடவும் இருப்பதுதான் இயல்பு.

இதைத் தெரிந்துகொண்டு பொலேரோவுக்கு வாருங்கள். பழைய டயரில் மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 95 என்று வைத்துக்கொள்வோம். பெரிய டயர் போட்டபின் அதே 100க்கு உண்மை வேகம் 99. போனோடு ஒத்துப்போகிறது. உரிமையாளர் மகிழ்ந்துபோகிறார். ஆனால் ஓடோமீட்டர் 4 சதவீதம் குறைவாக எண்ணிக்கொண்டிருக்கிறது. 10,000 கி.மீ. சர்வீஸுக்கு அவர் கொண்டுவரும்போது வண்டி 10,426 ஓடியிருக்கும். கம்பெனி வைத்த பாதுகாப்பு இடைவெளியும் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் 80 காட்ட, கேமராவில் 80க்கு மேல் பதிவாகும். அபராதச் சீட்டில் மீட்டருக்குப் பங்கு கேட்க முடியாது.

இன்னொரு வகை ஆட்கள் ஆர்வமாகத் திருத்தும் பெட்டி வாங்கி மாட்டுவார்கள். போனைப் பார்த்துப் பார்த்து வேகம் ஒத்துப்போகும் வரை திருகுவார்கள். வேகம் ஒத்துப்போகும், தூரம் கெட்டே கிடக்கும். ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே சிக்னல்தான். மூன்றாவது வகை, மெக்கானிக் ஒழுங்காக 4.26 சதவீதம் திருத்திக் கொடுத்த பிறகு, "போனில் 95 காட்டுகிறது, மீட்டரில் 100 காட்டுகிறது, காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான்" என்று திரும்பி வருவது. அந்த மெக்கானிக் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ஆகவே தூரத்தை வைத்துத் திருத்துங்கள். தூரம் சரியானால் வேகம் தானாகக் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும்.

தூரத்தை அளக்க, முடிந்தால் பழைய டயர் இருக்கும்போதே ஒரு முறையும் புது டயரில் ஒரு முறையும் ஒரே சாலையில் ஓட்டுங்கள். செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் நோக்கிப் போகும் ஜி.எஸ்.டி. சாலை மாதிரி நேரான, மேடுபள்ளமில்லாத நெடுஞ்சாலை வேண்டும். போனில் தூரம் பதியும் ஜி.பி.எஸ். செயலி, வண்டியில் ட்ரிப் மீட்டர், இரண்டையும் ஒரே இடத்தில் பூஜ்யமாக்கிக் கிளம்புங்கள். 5 கி.மீ. ஓட்டிவிட்டு முடிவுக்கு வருவது வேண்டாம். ட்ரிப் மீட்டர் 0.1 கி.மீ. படியில் மாறுவதால் 5 கி.மீ.க்கு அதுவே 2 சதவீதப் பிழை. 50 கி.மீ. ஓட்டினால் 0.2 சதவீதம். மலைப்பாதையில் ஜி.பி.எஸ். வளைவுகளை வெட்டிக் குறைத்துவிடும், அங்கே அளக்காதீர்கள். கிலோமீட்டர் கற்களை நம்பி அளப்பவர்களும் உண்டு. பைபாஸ் போட்ட சாலைகளில் கல்லுக்குக் கல் சரியாக ஒரு கிலோமீட்டர் இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன். கிளம்பும் முன் நான்கு டயரிலும் காற்று ஒரே அளவில் இருக்கட்டும். எண்களைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும்.

ஜி.பி.எஸ். தூரத்தை ட்ரிப் மீட்டர் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் திருத்தக் காரணி. அது டயர் கணக்கில் வந்த எண்ணோடு ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் கதவில் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரில் டயர் சைஸைப் பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்களில் பலர் "ஒரிஜினல்" என்று நினைத்திருப்பது முந்தைய உரிமையாளர் மாற்றிய சைஸ்.

திருத்தும் வேலை வண்டிக்கு வண்டி மாறும். ஜிப்ஸி, அம்பாசடர் போன்ற கேபிள் வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அதை மாற்ற வேண்டும். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றி முள்ளை இழுக்கிறது, அதே கேபிள்தான் எண் உருளைகளையும் உருட்டுகிறது. ஆகவே பல்சக்கரம் மாறினால் இரண்டும் சேர்ந்து திருந்தும். பழைய பல் எண்ணிக்கையைப் பழைய விட்டத்தால் பெருக்கி, புதிய விட்டத்தால் வகுக்கவும். 22 பல் இருந்தால் மேலே சொன்ன டயருக்கு 21.1 வரும், 21 போடுங்கள். இங்கே பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: "டயர் பெரிசு, பல்லும் பெரிசு" என்று 23 போட்டுவிடுகிறார்கள். பல் கூடினால் கேபிள் இன்னும் மெதுவாகச் சுற்றும், மீட்டர் 100 என்னும்போது வண்டி 109 கி.மீ. ஓடியிருக்கும். கழற்றியதோடு ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். மிச்சம் பிடித்தால் கியர் ஆயில் கேபிள் வழியாக ஏறி மீட்டருக்குள்ளேயே வந்து நிற்கும்.

முள்ளைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிழை விகிதத்தில் இருக்கிறது: 40இல் ஒன்றே முக்கால் கி.மீ., 100இல் நாலேகால். முள்ளை நகர்த்தினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு நகரும். 60இல் சரியாக்கினால் 100இல் தப்பு. ஓடோமீட்டருக்கோ இதனால் ஒரு பயனும் இல்லை.

கியர்பாக்ஸில் சென்சார் இருந்து மீட்டருக்கு வயர் போகும் வண்டிகளில், நடுவே மாட்டும் திருத்தும் பெட்டி கிடைக்கிறது. உள்ளே வரும் துடிப்புகளை நீங்கள் சொல்லும் விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ வெளியே அனுப்பும். பெரிய டயருக்குக் கூட்டவும். எங்கே மாட்டுவது என்பதில் கவனம் வேண்டும். சென்சார் பக்கத்தில் வெட்டி மாட்டுவது சுலபம், அதனால் எல்லோரும் அங்கேதான் வெட்டுவார்கள். அந்த வயர் என்ஜின் கம்ப்யூட்டருக்கும் கிளை பிரிந்து போகிறதா என்று வயரிங் படத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிரிந்தால் மீட்டருக்கு மட்டும் போகும் கிளையில், டாஷ்போர்டுக்குப் பின்னால் மாட்டுவதே என் பழக்கம். வேலை இரட்டிப்பு, தலைவலி பாதி. இணைப்புகளைச் சால்டர் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை முதல் மழைக்காலம் வரைதான் தாங்கும்.

இப்போதைய வண்டிகளில் பெரும்பாலானவை ஏ.பி.எஸ். சக்கர சென்சாரிலிருந்து வேகத்தை எடுக்கின்றன. இங்கே வயரைத் தொடவே கூடாது. பிரேக் அதே சிக்னலை நம்பியிருக்கிறது. டயர் சுற்றளவை மென்பொருளில் மாற்ற வழியிருக்கும் வண்டியானால் ஸ்கேனர் மூலம் மாற்றலாம். ஃபோர்டு வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு வி.சி.டி.எஸ். ஆகியவை தெரிந்த கருவிகள். பழைய மதிப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பேட்டரி சார்ஜரை மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு மதிப்பை மட்டும் மாற்றுங்கள். மென்பொருளில் வழியில்லாத வண்டியென்றால் கம்பெனி சைஸுக்கு நெருங்கிய டயரைத் தேர்ந்தெடுப்பதுதான் திருத்தம்.

நான்கு சக்கரமும் ஒரே சைஸ், ஸ்டெப்னியும் அதே. முடிந்ததும் அதே சாலையில் அதே 50 கி.மீ.யை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.யிலும் கம்பெனி விவரக்குறிப்பிலும் உள்ளதோடு முரண்படும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. அதே மாடலுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் சைஸுக்குள் நின்றால் இன்சூரன்ஸ்காரரிடமும் வாதாட வேண்டியிருக்காது.

கடைசியாக, ஏற்கெனவே ஓடின கிலோமீட்டர். திருத்தம் இனிமேல் ஓடப்போகும் தூரத்துக்குத்தான். பழைய எண்ணைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பெரிய டயரில் மீட்டர்படி 8,000 கி.மீ. ஓட்டிய பிறகு திருத்தினீர்கள் என்றால், உண்மையில் 341 கி.மீ. கூடுதலாக ஓடியிருக்கிறது. டயர் மாற்றிய தேதி, அன்றைய எண், திருத்திய தேதி, அன்றைய எண், காரணி, இந்த 341 எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி சர்வீஸ் புத்தகத்தில் செருகி வையுங்கள். "அப்படியே ஒரு இருபதாயிரம் குறைத்துவிடட்டுமா அண்ணே?" என்று கேட்கும் கடைக்காரர் உங்களுக்கு உதவவில்லை, வாங்கப் போகிறவரை ஏமாற்றும் குற்றத்துக்கு உங்களைக் கூட்டாளியாக்குகிறார். வண்டியை விற்கும் அன்று அந்தத் தாளையும் ஆர்.சி.யோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.