சொம்பைப் பார்த்து வரை, கயலு

என் செல்லக் கயலுக்கு,

போனில் நீ மூச்சு விடாமல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் காதில் விழுந்தது எதுவும் உனக்கு மறுநாள் வரைக்கும் தங்காது என்பது நம் குடும்பத்துக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள், ஒரு வருஷத்துக்கான வேலை இதில் இருக்கிறது.

கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் நீட், ஜேஇஇ என்று கோச்சிங் கிளம்பிவிட்டார்கள், எனக்கு என்ன செய்வதென்று சொல்லத்தான் ஆளில்லை என்று அழாத குறையாகச் சொன்னாயே, அது மனசை விட்டுப் போகவில்லை. ஓவிய டீச்சராகவே காலம் தள்ளியவள் நான். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது டிராயிங் பீரியட்தான். கணக்கு சார் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்படியிருக்கும் பள்ளிக்கூடத்தில் படம் வரைகிற பிள்ளைக்கு யார் வழி சொல்வார்கள்? வழி இருக்கிறது, கண்ணு. நிறையவே இருக்கிறது. முன்கூட்டியே புறப்பட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு எந்தக் காலேஜ் என்று யோசிக்கலாம். உனக்கு அந்த வசதி கிடையாது. அகமதாபாத்தில் இருக்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்கு முதல் கட்டத் தேர்வு டிசம்பர், ஜனவரி வாக்கில் வந்துவிடும். விண்ணப்பம் அதற்கும் முன்னால். ஐஐடியில் டிசைன் படிக்க பம்பாய் ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வு ஜனவரியில். நம் சென்னைத் தரமணியிலும் வளாகம் வைத்திருக்கிறதே ஃபேஷன் படிப்புக்கான நிஃப்ட், அதன் எழுத்துத் தேர்வும் பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். ஆக, மார்ச்சில் பப்ளிக் எக்ஸாம் எழுத உட்காரும்போது இந்தக் கதவுகளில் பாதி மூடியிருக்கும். சென்னையிலும் இங்கே கும்பகோணத்திலும் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரிகளுக்கும், சிற்பம் பிடித்தால் மாமல்லபுரத்துக் கல்லூரிக்கும் பிறகு விண்ணப்பிக்கலாம். தேதிகள் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு நாள் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தை நீயே திறந்து பார். யாரோ வாட்ஸ்அப்பில் போட்டதை நம்பி உட்கார்ந்திருக்காதே.

இன்னொன்று, பலரும் கோட்டை விடுகிற இடம். உன்னிடம் இருக்கிற சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கானது. என்ஐடி, நிஃப்ட் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு அது செல்லாது. ஓபிசி சான்றிதழ் என்று தனியாக வாங்க வேண்டும். கிரீமி லேயரில் வரவில்லை என்று அதில் இருக்க வேண்டும், அந்த நிதியாண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று சுற்றிக்கொண்டு வரும். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. கையில் நல்ல திறமை இருந்தும் இந்த ஒரு காகிதம் இல்லாமல் தடுமாறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, காகிதக் கதை போதும். உன் நோட்டுக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது காட்டினாயே, அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பெண்களுக்கும் முகத்தில் பாதி கண்தான். மூக்கைத் தேடத்தான் வேண்டியிருந்தது. போனில் பார்த்து வரைந்தவை என்பது தெரிகிறது. கோடு சுத்தமாக இருக்கிறது, கை நடுங்கவில்லை, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் படங்களில் உன் பாட்டி எங்கே? வாசலில் கட்டிக் கிடக்கிற ஆட்டுக்குட்டி எங்கே? நோட்டு முழுக்க ஜப்பானியப் பிள்ளைகளாக இருந்தால், தேர்வு செய்கிறவர் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பார்?

கவின்கலைக் கல்லூரியில் கண்ணெதிரே ஏதாவது வைத்து வரையச் சொல்வார்கள். யூசீட்டில் கம்ப்யூட்டர் கேள்விகளோடு கையால் வரைகிற பகுதியும் உண்டு. நிஃப்ட்டில் எழுத்துத் தேர்வில் தேறினால், கொடுக்கிற பொருட்களை வைத்துக் கையால் ஏதாவது செய்து காட்டச் சொல்வார்கள். என்ஐடியின் இரண்டாம் கட்டத்தில் ஸ்டுடியோ தேர்வு இருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி போட முடிகிறதா, பார்த்ததிலிருந்து யோசிக்க முடிகிறதா என்றுதான் எல்லா இடத்திலும் சோதிக்கிறார்கள்.

இன்றைக்கே ஒரு காரியம் செய். சமையலறையிலிருந்து ஒரு சொம்பை எடுத்துத் தரையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து வரை. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். வாயை முட்டை வடிவத்தில் போடுவாய், அடியை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடாக இழுப்பாய். ஏனென்றால் சொம்பின் அடி தட்டை என்று உன் மூளைக்குத் தெரியும், அது கண்ணைப் பார்க்க விடாது. மேலிருந்து பார்க்கிறபோது அடியும் வளைந்துதான் தெரியும். வாயை விட அடி உன் கண்ணுக்குத் தாழ்வாக இருப்பதால் அதன் வளைவு இன்னும் கொஞ்சம் உருண்டு வரும். எவர்சில்வராக இருந்தால் ஜன்னலும் உன் முகமும் கோணிக்கொண்டு அதன் வயிற்றில் தெரியும். அதையும் போடு. ஒரு வாரம் அதே சொம்பைப் போடு. ஒரு நாள் கவிழ்த்து, ஒரு நாள் பக்கத்தில் துண்டை மடித்து வைத்து, ஒரு நாள் சாயங்கால வெளிச்சத்தில்.

சொம்பைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி நம் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அதையொட்டித்தான் 1961-ல் என்ஐடி வந்தது. இந்தியா முழுக்கச் சுற்றிய அந்த இரண்டு பேரும் தாங்கள் பார்த்தவற்றிலேயே மிகவும் வியந்து எழுதியது எதைத் தெரியுமா? லோட்டாவை, நம் சொம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது, இடுப்பிலும் தலையிலும் எப்படி உட்காருகிறது, ஊற்றும்போது எப்படிச் சாய்கிறது, உள்ளே எப்படிக் கழுவுவது, என்ன விலை, உடைந்தால் அந்த உலோகம் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். தனியாக ஓர் ஆள் செய்ததல்ல, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு உருவானது என்கிறார்கள். நாளைக்கு யாராவது உன் ஊர்ப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசு என்றால், இப்படித்தான் பேச வேண்டும். அதற்குக் கோச்சிங் சென்டர் வேண்டாம். உங்கள் அடுப்படியே போதும்.

வரைகிற ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி போடு. சரியாக வராததைக் கிழித்துப் போடாதே. இது உனக்கு இருக்கிற கெட்ட பழக்கம், சின்ன வயசிலிருந்தே. ஜூனில் கோணலாக இருந்த சொம்பு நவம்பரில் நேராக நிற்பதுதான் நீ உழைத்ததற்குச் சாட்சி. போர்ட்ஃபோலியோ கேட்கிற இடங்களுக்கு அழகான பத்துப் படம் மட்டும் போதாது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாய் என்பதும் தெரிய வேண்டும்.

உன் அப்பா விஷயம். வரைந்து என்ன சம்பாதிப்பாள் என்று தம்பி கேட்பது கோபத்தில் இல்லை, பயத்தில். அவனிடம் நீ பதிலுக்குக் கத்தாதே. இந்தக் கதைகளைச் சொல். சென்னைக் கவின்கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த பள்ளி. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கும் இதே கவலை இருந்தது, தன் மாணவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று. அவரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் நிலம் வாங்கி 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். சோற்றுக்கும் ஓவியத்துக்கும் சேர்த்தே வழி தேடியவர்கள் அவர்கள். அதே கல்லூரியில் படித்தவர் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து வந்த ஆதிமூலம். காந்தியைக் கோட்டோவியமாக வரைந்து பெயர் எடுத்தவர், கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுக் கடுதாசி எழுதியபோது அதற்குப் படம் போட்டவரும் அவர்தான். இதையெல்லாம் அப்பா சாப்பிட்டு முடித்து நிதானமாக இருக்கும்போது சொல். செலவையும் மறைக்காதே. என்ஐடி, நிஃப்ட் என்றால் லட்சக்கணக்கில் ஆகும், கல்விக்கடன் பற்றி இப்போதே வங்கியில் கேட்க வேண்டும். அரசு கவின்கலைக் கல்லூரியில் சொற்பக் கட்டணம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த உனக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். என்னைக் கேட்டால், பெரிய பெயருக்காக அரசுக் கல்லூரியை இளக்காரமாக நினைக்காதே. இரண்டு பக்கமும் விண்ணப்பம் போடு.

ஒன்று மறந்துவிட்டேன். வரைகிறேன் என்று பிளஸ் டூ பாடத்தை விட்டுவிடாதே. எந்த வாசலில் நின்றாலும் முதலில் அந்த மார்க் ஷீட்டைத்தான் கேட்பார்கள். ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கவும் வேண்டாம். தூக்கமில்லாத கண்ணால் எதையும் சரியாகப் பார்க்க முடியாது.

திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய் ஓபிசி சான்றிதழுக்குப் பதிந்துவிடு. சொம்புப் படங்களை ஆடி முடிவதற்குள் எனக்குத் தபாலில் அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பாதே, தாளாகவே வேண்டும். சரியில்லாததையும் சேர்த்து அனுப்பு.

என்றும் உன்
அத்தை
கும்பகோணம்